மழைக்கால டீப் ஸ்கை: மேகம் விழுந்த ஃபிரேமை வச்சுக்கிறதா, தூக்குறதா? (1500டி + 50மிமீ, ட்ராக்கர் இல்லை)

#1 புதுசுதான்

எல்லாருக்கும் வணக்கம். டீப் ஸ்கைக்கு (தொலைதூர விண்பொருட்களைப் படமெடுக்கிறதுக்கு) நான் புதுசு. கையில இருக்கிறது கேனான் 1500டி, 50மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம், சாதாரண டிரைபாட். இடம் தாம்பரம் பக்கம் மொட்டைமாடி, வான இருட்டை அளக்கிற போர்ட்டில் அளவுகோல்ல 8, அதாவது ஊர் வெளிச்சம் நிறைஞ்ச வானம். ஐப்பசி பிறந்ததிலிருந்து வானம் முழுசா திறக்கிறதே இல்லை. பத்து நிமிஷம் தெரியும், அப்புறம் மூடிக்கும்.

அந்த இடைவெளிகள்ல எம்45 (கார்த்திகைக் கூட்டம்), எம்42 (ஓரியன் நெபுலா) ரெண்டையும் 4 செகண்ட், எஃப்/2, ஐஎஸ்ஓ 1600ல சுமார் முந்நூறு ஃபிரேம் எடுத்து டீப்ஸ்கைஸ்டேக்கர்ல (பல ஃபிரேமை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஸ்டாக் பண்ற மென்பொருள்) போட்டேன். வந்தது சாம்பல் படலம், கீழ் மூலையில ஆரஞ்சு, பெரிய நட்சத்திரம் ஒவ்வொண்ணையும் சுத்தி வட்டமா ஒளி. எம்45ல நீல நெபுலா (விண்வெளி வாயு, தூசித் திரள்) விழுந்த மாதிரி இருக்கு, உறுதியா சொல்லத் தெரியல. படம் இணைச்சிருக்கேன்.

கேள்விகள் மூணு. மேகம் இருக்கிற ஃபிரேம்களை நானே பொறுக்கி எடுக்கணுமா, ஸ்டாக்கிங்ல இருக்கிற சிக்மா கிளிப்பிங்கே பார்த்துக்குமா? மேகத்துக்கு ஏதாவது ஃபில்டர் உதவுமா? அடுத்து ட்ராக்கர் (வானம் நகர்றதுக்கு ஏத்தபடி கேமராவைத் திருப்புற கருவி) வாங்கலாமா, இல்லை தை பிறக்கிற வரைக்கும் காத்திருக்கலாமா?

#2 சிரில்_பைத்தியம்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போ. சிக்மா கிளிப்பிங் மேகத்தைப் பார்த்துக்காது.

அது செய்யுற வேலை இவ்வளவுதான்: ஒரே பிக்சலுக்கு எல்லா ஃபிரேமிலிருந்தும் வந்த மதிப்புகளை எடுத்து, கூட்டத்தை விட்டு ரொம்ப விலகி நிக்கிறதை மட்டும் தள்ளும். விமானமும் சாட்டிலைட்டும் ஒரு பிக்சல்ல ஒண்ணு ரெண்டு ஃபிரேம்லதான் விழும், அதனால மாட்டிக்கும். முந்நூறுல நூறு ஃபிரேம் மேகம்னா அந்த நூறும் கூட்டத்துக்குள்ள சேர்த்தி, சிக்மாவே பெருத்துடும். போதாக்குறைக்கு நார்மலைசேஷன் ரிஜெக்‌ஷனுக்கு முன்னாடியே நடந்துடுது. மேக ஃபிரேமோட பின்னணியை இறக்கி மத்ததோட சமமாக்கி வச்சுடும். அதுக்கப்புறம் அந்த ஃபிரேம் வித்தியாசமாவே தெரியாது.

"சேர்த்தா கொஞ்சமாவது லாபம்தானே"ன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. தெளிவான ஒரு ஃபிரேம்ல நெபுலா சிக்னல் 1, நாய்ஸ் 1னு வச்சுக்குவோம். மேகம் பாதி வெளிச்சத்தைத் தின்னுடுது, ஊர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வானப் பின்னணியை ரெண்டு மடங்காக்குது. அந்த ஃபிரேம்ல சிக்னல் 0.5, நாய்ஸ் √2.

தெளிவான 60 மட்டும்: 60 / √60 = 7.75
அந்த 60 + மேகம் விழுந்த 30: 75 / √120 = 6.85

முப்பது ஃபிரேம் கூடுதலா சேர்த்து தரம் 12 சதவீதம் இறங்கியிருக்கு. 6.85ங்கிறது 47 தெளிவான ஃபிரேம் தர்ற தரம். அதாவது நல்ல ஃபிரேம்ல 13ஐ அழிச்சதுக்குச் சமம்.

#3 கடலோரம்

கணக்கு சரி. ஆனா பாதி வெளிச்சம் போற மேகத்தை எடுத்துக்கிட்டு எல்லாத்தையும் தூக்கச் சொன்னா, கடற்கரை மாவட்டங்கள்ல மார்கழி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஒரு படமும் மிஞ்சாது. இங்க நமக்குக் கிடைக்கிறதுல பாதி மெல்லிய மேல்மட்ட மேகம். 20 சதவீதம் வெளிச்சம் குறைஞ்சு, பின்னணி 20 சதவீதம் ஏறினா என்ன ஆகும்? 60 + 24 = 84; வகுத்தல் √(60 + 36) = 9.8. கிடைக்கிறது 8.57. லாபம்தான்.

இதுல வெயிட்டிங்கும் இருக்கே? சிரில் மென்பொருள்ல நாய்ஸ் அடிப்படையிலயோ நட்சத்திர எண்ணிக்கை அடிப்படையிலயோ வெயிட் போட்டா மோசமான ஃபிரேமுக்குத் தானா மதிப்பு குறையும். எதையும் தூக்க வேண்டாம்.

#4 சிரில்_பைத்தியம்

மெல்லிய மேகம் விஷயத்துல நீங்க சொல்றதை ஏத்துக்கிறேன். எல்லைக்கோடு எங்கன்னு சுருக்கமா ஒரு விதி இருக்கு: நட்சத்திர வெளிச்சம் எவ்வளவு மிஞ்சியிருக்கோ அதை ரெண்டால பெருக்குங்க. வானப் பின்னணி எத்தனை மடங்கு ஏறியிருக்கோ, அதைவிட அது பெரிசா இருந்தா வச்சுக்கலாம். உங்க உதாரணம் 2 × 0.8 = 1.6, பின்னணி 1.2, தங்கும். என் உதாரணம் 2 × 0.5 = 1, பின்னணி 2; போகணும். 0.7 மிஞ்சி 1.4 மடங்கு ஏறினா வரப்பு மேல நிக்குது.

அளக்கிறது இப்படி: டார்க் (லென்ஸ் மூடி போட்டு எடுத்த இருட்டு ஃபிரேம்) கழிச்ச வரிசையை சிரில்ல திறங்க. வெந்து வெள்ளையாகாத, நடுத்தரமான ஒரு நட்சத்திரத்தைச் சுத்திச் சின்னதா பெட்டி போட்டு, வலது கிளிக்ல வர்ற மெனுவுல முழு வரிசைக்கும் பிஎஸ்எஃப் (நட்சத்திரத்தோட வெளிச்சமும் அகலமும் அளக்கிறது) கேளுங்க. ஃபிரேம் வாரியா மேக்னிட்யூட் வரைபடம் கிடைக்கும். 0.25 இறங்கினா 79 சதவீதம் மிஞ்சியிருக்கு, 0.4 இறங்கினா 69, 0.75 இறங்கினா பாதி. பின்னணியையும் டார்க் கழிச்ச ஃபிரேம்லயே பாருங்க. கழிக்காத ரா ஃபைல்ல கேமரா தானா சேர்க்கிற ஆஃப்செட் உள்ளே இருக்கும். ரெண்டு மடங்கு ஏற்றம் வெறும் 10 சதவீதமா தெரியும்.

வெயிட்டிங் பத்தி: கச்சிதமா வெயிட் போட்டாலும் என் உதாரணத்துல அந்த 30 ஃபிரேமும் சேர்ந்து தர்றது √63.75 = 7.98. மூணு சதவீத லாபம். அந்த 3 சதவீதத்துக்காக, ஒவ்வொண்ணிலயும் வேற வேற திசையில சாய்ஞ்ச கிரேடியன்ட் (பின்னணி வெளிச்சச் சரிவு) இருக்கிற முப்பது ஃபிரேமை ஸ்டாக்குக்குள்ள விடணுமா? நான் விடமாட்டேன்.

#5 பனித்துளி

தம்பி, உங்கள் எம்45 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நெபுலா இல்லை. மேல்மட்ட மெல்லிய மேகம் போட்ட வளையம்.

எம்45 கூட்டத்தில் உள்ள மெரோப்பே நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உண்மையான நெபுலா நட்சத்திரத்திலிருந்து தெற்கே ஒரு பக்கமாக விசிறிபோல் இறங்கும். ஆழமான படங்களில் இழை இழையாகத் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வட்டமாக இருக்காது. உங்கள் படத்தில் மெரோப்பேயைச் சுற்றி இருப்பது சீரான வட்டம். அல்சியோனேயைச் சுற்றி அதைவிடப் பெரிய வட்டம், அட்லஸைச் சுற்றி அல்சியோனேயுடையதைவிடச் சற்றுச் சிறியது. நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமோ வட்டமும் அவ்வளவு பெரிதாக இருந்தால் அது மேகம் அல்லது லென்ஸில் படிந்த ஈரம். இன்னும் எளிய சோதனை: கூட்டத்தை விட்டுத் தள்ளி அதே சட்டத்தில் இருக்கும் ரோகிணியைப் பாருங்கள். உங்கள் படத்தில் அதற்கும் வளையம் இருக்கிறது. அதைச் சுற்றி நீல நெபுலா எதுவும் கிடையாது.

மேகமா, லென்ஸில் ஈரமா என்பதையும் பிரித்துவிடலாம். சிரில்_பைத்தியம் சொன்ன அதே வரைபடத்தில் நட்சத்திர வெளிச்சம் ஏறி இறங்கி, மறுபடி பழைய உயரத்துக்கு வந்தால் மேகம். ஒரே சரிவாக இறங்கி, திரும்பவே வராமல், நட்சத்திரத்தின் அகலமும் கூடிக்கொண்டே போனால் லென்ஸ் வியர்த்திருக்கிறது. சென்னைக் காற்றில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் இரண்டாவது நிச்சயம். அறையிலேயே ஜிப் பையில் சிலிகா ஜெல்லோடு போட்டு மூடி, பையோடு வெளியே வைத்து, அரை மணி கழித்துத் திறங்கள். முழு இரவுக்கு 5 வோல்ட் யுஎஸ்பி ஹீட்டர் பட்டையை லென்ஸின் முன்விளிம்பை ஒட்டிச் சுற்றுங்கள். ஃபோகஸ் வளையத்தின் மேல் வேண்டாம், அது நகர்ந்துவிடும். பவர் பேங்க் போதும். கை வைத்தால் லேசாகச் சூடு தெரிய வேண்டும், அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொன்று. கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக் கூட்டத்தைப் படமெடுக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அன்றைக்குப் பௌர்ணமி நிலா அதன் பக்கத்திலேயே நிற்கும். மெல்லிய மேகமும் சேர்ந்தால் வானமே ட்யூப்லைட்.

#6 மேகக்கணக்கு

எப்போ மாடி ஏறலாம்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. விண்டி ஆப்ல "மேகம்"னு ஒட்டுமொத்தமா பார்க்காதீங்க. கீழ், நடு, மேல்னு மூணு அடுக்கா பிரிச்சுப் பாருங்க. கீழ்மட்டம் 40 சதவீதம்னா இடைவெளி கிடைக்கும், நடுவுல நல்ல வானம் வரும். மேல்மட்டம் 40 சதவீதம்னா வானம் முழுக்க மெல்லிசா பால் ஊத்தின மாதிரி இருக்கலாம், இடைவெளின்னு ஒண்ணு இருக்காது. ரெண்டும் ஒரே எண், பலன் நேரெதிர். ஐரோப்பிய வானிலை மாடலையும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலையும் ஒப்பிடுங்க. ரெண்டும் ஒத்துப்போனா கிளம்பலாம்.

அன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல மாடலை விடுங்க, இன்சாட் படம் பாருங்க. வானிலைத் துறை தளத்துல அரை மணிக்கு ஒண்ணு வரும். ஒரு எச்சரிக்கை: ராத்திரியில வர்றது வெப்ப அகச்சிவப்புப் படம். உயரமான மேகம் குளிர்ச்சியா இருக்கிறதால பளிச்சுனு தெரியும். கீழ்மட்ட மேகம் தரையோட வெப்பத்துக்குக் கிட்ட இருக்கும், படத்துல தரையோட தரையா கலந்துடும். படம் கருப்பா சுத்தமா இருக்கும், மாடிக்குப் போனா மூடிக்கிடக்கும். ரேடார் மழையைத்தான் காட்டும், மழையில்லாத மேகத்தைக் காட்டாது.

வடகிழக்குப் பருவத்துல கடலோரத்துக்கு மேகம் கிழக்கே கடல்லேருந்து வரும், ஓரியன் உதிக்கிறதும் அதே பக்கம். சாயங்காலம் 8 மணிக்கு அடிவானத்துல எம்42ஐத் துரத்துறது வீண். தாழ்வா பார்த்தா மேகத்தோட பக்கவாட்டுச் சுவரும் சேர்ந்து இடைவெளியை மறைச்சுடும். அதே மேகத்துல உச்சி வானத்துல இடைவெளி பெரிசா இருக்கும். அதனால 55–60 டிகிரிக்கு மேல இருக்கிறதை மட்டும் எடுங்க. நவம்பர் கடைசி வாரத்துக்கு சென்னைக் கணக்கு: ராத்திரி 8:30 வாக்குல ஆண்ட்ரோமெடா (எம்31) 62 டிகிரி, 11:30க்கு எம்45 கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல, 79 டிகிரி. எம்42 உச்சிக்கு வர 1:30 ஆகும், 72 டிகிரி. இந்த வரிசையிலயே போங்க.

நல்ல மழை விட்ட மறுநாள் காத்து கழுவி விட்டிருக்கும். அன்னிக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம், மாசியில தூசியோட கிடைக்கிற ரெண்டு மணி நேரத்துக்கு மேல.

#7 புதுசுதான்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்களே. ரோகிணியைப் பார்த்தேன், வளையம் இருக்கு. அப்போ நெபுலா இல்லை.

இடைவெளியில எடுக்கும்போது எக்ஸ்போஷர் 4 செகண்ட் சரிதானா? மேகம் வந்ததும் நிறுத்திட்டு, விலகினதும் மறுபடி ஆரம்பிக்கிறேன். அப்படித்தானே?

#8 எஃப்_ரெண்டு_புள்ளி_எட்டு

4 செகண்ட் சரி. "500 விதி"ப்படி போனா 500 / (50 × 1.6) = 6 செகண்ட் சொச்சம் வரும்; அது 24 மெகாபிக்சலுக்குத் தாராளம். என்பிஎஃப் விதி: (35 × எஃப் எண் + 30 × பிக்சல் அளவு) ÷ ஃபோக்கல் லெங்த். 1500டி பிக்சல் 3.7 மைக்ரான். எஃப்/2.8ல (98 + 111) / 50 = 4.2 செகண்ட். எஃப்/2ல எடுக்காதீங்க, அந்த லென்ஸ்ல மூலை நட்சத்திரங்கள் சிறகு முளைச்சு நிக்கும். அந்தச் சிறகு அகலக் கணக்கையும் கெடுக்கும். எஃப்/2.8 வையுங்க. ஹிஸ்டோகிராம் மேடு இடது சுவரை விட்டுத் தெளிவா பிரிஞ்சு நின்னா ஐஎஸ்ஓ 1600 போதும்.

சின்ன எக்ஸ்போஷர் மேகத்துல கை கொடுக்கும். ஒரு துண்டு மேகம் 20 செகண்ட்ல கடந்து போனா உங்களுக்கு 5, 6 ஃபிரேம் நஷ்டம். 3 நிமிஷ எக்ஸ்போஷர் வைக்கிறவருக்கு மூணு நிமிஷமும் நஷ்டம்.

நிறுத்தி நிறுத்தி எடுக்கிறதை விட்டுடுங்க. இன்டர்வலோமீட்டரை (தானா அடுத்தடுத்து ஷட்டர் அடிக்கிற கருவி) ஓடவிட்டு, மேக ஃபிரேமை உள்ளே உட்கார்ந்து கழிங்க. கண்ணுக்கு மேகம் விலகினது தெரியுறதுக்குள்ள நல்ல வானத்துல ஒரு நிமிஷம் போயிருக்கும். அந்த ஒரு நிமிஷம் 12, 13 ஃபிரேம். முழுக்க மூடிட்டா மட்டும் நிறுத்துங்க, ஏன்னா மணிக்கு எழுநூறு, எண்ணூறு தடவை ஷட்டர் அடிக்குது, அதுக்கும் ஆயுள் இருக்கு.

வானம் திறக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்க வேண்டியவை: ரா ஃபைல் மட்டும், லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப் (ஆன்ல இருந்தா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே நேரம் டார்க் எடுக்கும், பாதி இடைவெளி காலி), ஆட்டோஃபோகஸ் ஆஃப். ஃபோகஸுக்கு எம்45 திறக்கக் காத்திருக்காதீங்க. எந்தப் பக்கம் திறந்தாலும் அங்க இருக்கிற பெரிய நட்சத்திரத்தைப் பிடிங்க: ரோகிணி, திருவாதிரை, சீரியஸ், எதுவானாலும் சரி. லைவ் வியூவுல 10 மடங்கு பெரிசாக்கி, நட்சத்திரம் மிகச் சின்னப் புள்ளியாகிற இடத்துல நிறுத்தி, வளையத்தைக் காகித டேப் போட்டு ஒட்டிடுங்க. மேகத்துக்குப் பின்னால இருக்கிற நட்சத்திரத்துல ஃபோகஸ் பண்ணாதீங்க. அது எப்பவும் உப்பித்தான் தெரியும், எங்க நிறுத்துறதுன்னு புரியாது.

15–20 நிமிஷத்துக்கு ஒருமுறை இலக்கை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா அதே இடத்துல வைக்காம, கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்க. ட்ராக்கர் இல்லாம எடுத்தா சென்சாரோட புள்ளிக் குறைகள் எல்லாம் ஸ்டாக்குல ஒரே திசையில கோடு கோடா இழுக்கும். தள்ளி வச்சா அது உடையும்.

#9 கடலோரம்

ஃபில்டர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. மேகத்தை ஊடுருவுற ஃபில்டர்னு ஒண்ணு கிடையாது. மேகத்துல இருக்கிற நீர்த்துளி கண்ணுக்குத் தெரியுற எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல சிதறடிக்கும், அதனாலதான் மேகம் வெள்ளை. ஹைட்ரஜன் சிவப்பை (நெபுலா வாயு வெளியிடுற சிவப்பு) மட்டும் தனியா விட்டுக்கொடுக்காது. டூயல்பேண்ட் ஃபில்டர் (ரெண்டு குறுகிய நிறப் பட்டையை மட்டும் உள்ளே விடுறது) செய்யுறது வேற: மெல்லிய மேகம் திருப்பி அனுப்புற தெருவிளக்கு வெளிச்சத்தை வெட்டும். பின்னணி குறையும், சிக்னல் இழப்பு அப்படியே இருக்கும். எம்42க்கு ஓரளவு லாபம். எம்45க்கும் எம்31க்கும் போடவே கூடாது. அதுங்க வெளிச்சம் நட்சத்திர வெளிச்சம், எல்லா நிறத்துலயும் பரவிக் கிடக்கு. மாத்தாத 1500டியில சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டரே ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிடுது. அதுக்கு மேல இன்னொரு ஃபில்டர் வாங்கிப் போடுறதுக்கு அந்தக் காசுல ட்ராக்கருக்கு முன்பணம் போடுங்க.

#10 இருட்டுத்தேடி

ட்ராக்கர் பற்றி. வாங்கலாம், ஆனால் நம் ஊர் அட்சரேகையில் இரண்டு தொல்லை உண்டு, தெரிந்து வாங்குங்கள். ஒன்று, துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும் அடிவான மூட்டமும் மேகமும் மறைக்கும். இரண்டு, அச்சு இவ்வளவு படுத்திருக்கும்போது எதிர்எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்க வாய்ப்பு அதிகம். இருட்டுவதற்கு முன்பே ஒரு முழுச் சுற்றுக் கையால் சுற்றிப் பார்த்து, இடிக்காதபடி கால்களைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

துருவம் தெரியவில்லை என்று மலைக்க வேண்டாம், ஏனென்றால் குறைந்த ஃபோக்கல் லெங்த்தில் பிழைக்கு நிறைய இடம் இருக்கிறது. அச்சு 1 டிகிரி தவறினால் அதிகபட்ச நகர்வு நிமிடத்துக்கு 15.7 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). 50மிமீ லென்ஸில் உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 15.3 ஆர்க்செகண்ட். ஆக 1 டிகிரி தவறு இருந்தாலும் ஒரு நிமிட எக்ஸ்போஷரில் ஒரே ஒரு பிக்சல் நகர்வு. 135மிமீயில் ஒரு பிக்சல் 5.7, 30 செகண்டுக்குச் சுமார் 1.4 பிக்சல் நகரும், அதுவும் பொறுக்கலாம். எனவே போனை அச்சோடு ஒட்டவைத்து 13 டிகிரி சாய்வும், காம்பஸில் வடக்கும் வைத்தாலே ஆரம்பிக்கப் போதும். காம்பஸை மட்டும் டிரைபாடுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மொட்டைமாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பியும் முள்ளை இழுக்கும். இடுப்பு உயரத்தில் தூக்கிப் பிடித்து, நான்கு அடி நகர்ந்து மறுபடி பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

200மிமீக்கு மேல் போனால் இது செல்லாது. அப்போது லேப்டாப்பும் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையும் இருந்தால் துருவத்தைப் பார்க்காமலே, வானத்தில் எந்தத் திறந்த பகுதியிலும் அச்சைச் சரிசெய்யலாம். மூன்று தெளிவான படம் எடுக்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டோகைடிங்கை (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மென்பொருளே மவுண்ட்டைத் திருத்துவது) முதல் வருடம் தொடாதீர்கள். மேகத்தின் விளிம்பு கடக்கும்போது வழிகாட்டி நட்சத்திரம் மங்கும், மென்பொருள் நாய்ஸைத் துரத்தி மவுண்ட்டைக் குலுக்கும். முழுதாக மறைந்தால் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடும், அது பரவாயில்லை. அரைகுறையாக மறைவதுதான் ஆபத்து.

#11 மேகக்கணக்கு

ஸ்மார்ட் டெலஸ்கோப் பத்தியும் ஒரு வரி, அடுத்து யாராவது கேட்பாங்க. சீஸ்டார் எஸ்50 மாதிரி கருவி மேகத்துல நட்சத்திரம் போதலைன்னா அந்த ஃபிரேமை லைவ் ஸ்டாக்குல சேர்க்காது, அது நல்லது. ஆனா மெல்லிய மேகத்துல நட்சத்திரம் எண்ணிக்கைக்குத் தேறிடும், ஃபிரேம் உள்ளே போயிடும். செட்டிங்ல தனித்தனி ஃபிரேம் சேமிக்கிறதை ஆன் பண்ணி வச்சு, பின்னால நீங்களே கழிச்சு ஸ்டாக் பண்ணுங்க. 250மிமீ, பார்வைப் பரப்பு 1.27 × 0.72 டிகிரிதான். ஒரே ஃபிரேம்ல எம்45 முழுசா அடங்காது, எம்31 சுத்தமா அடங்காது.

#12 பனித்துளி

வானம் திறக்கவே திறக்காத இரவு வீணில்லை. டார்க் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. லென்ஸ் மூடி போட்டு, வியூஃபைண்டர் கண்ணையும் கறுப்புத் துணியால் மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே 4 செகண்டில் 40 எடுங்கள். வெளியே, நீங்கள் படம் எடுக்கும் அதே மாடியில், அதே நேரத்தில். சென்சாரின் இருட்டு மின்னோட்டம் (டார்க் கரண்ட்) சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 28 டிகிரி மாடியில் எடுத்த லைட்ஸுக்கு (வானத்தை எடுத்த ஃபிரேம்களுக்கு) 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த டார்க் பொருந்தாது, பாதியைத்தான் கழிக்கும். பல கேனான் ரா ஃபைல்களுக்குள் கேமரா வெப்பநிலை பதிந்திருக்கும், அதைப் பார்த்துக் கோப்புறைக்குப் பெயர் வையுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் 26, 28, 30, 32 என்று ஒரு டார்க் நூலகமே சேர்ந்துவிடும்.

ஃபிளாட்டுக்கு (லென்ஸின் ஓர இருட்டையும் தூசிப் புள்ளியையும் சரிசெய்யச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிரேம்) மூடிய வானம் ஒரு வரம். காலையில் சீரான சாம்பல் வானத்தைப் பார்த்து, லென்ஸ் மேல் வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, ஏவி மோடில், எஃப்/2.8, ஹிஸ்டோகிராம் மேடு நடுவில் நிற்கும்படி 30 எடுங்கள். ஒரே நிபந்தனை: இரவு ஒட்டிய ஃபோகஸ் டேப்பை அதுவரை பிரிக்கக் கூடாது, லென்ஸைக் கழற்றக் கூடாது. டேப் பிரித்த பிறகு எடுத்த ஃபிளாட்டில் தூசிப் புள்ளியின் அளவே மாறியிருக்கலாம். படத்தில் கறுப்பு வளையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வளையமும் சேரும்.

உங்கள் மூலையில் இருக்கும் ஆரஞ்சை ஃபிளாட் சரிசெய்யாது. அது லென்ஸ் குறை இல்லை, மேகத்தில் பட்ட ஊர் வெளிச்சம்.

#13 சிரில்_பைத்தியம்

அந்த ஆரஞ்சுக்கு மருந்து ஸ்டாக் முடிஞ்சப்புறம் இல்லை, ஸ்டாக்குக்கு முன்னாடி. மேகம் நகர நகர கிரேடியன்ட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் திசை மாறுது. எல்லாத்தையும் கூட்டினப்புறம் அது நெளிஞ்ச குழப்பமா நிக்கும். தனித்தனி ஃபிரேம்ல அது கிட்டத்தட்ட நேர்ச்சரிவு, சுலபமா கழிக்கலாம்.

சிரில்ல ரெடிமேட் ஸ்கிரிப்டை ஓட்டினா எல்லாம் தானா முடிஞ்சுடும், கழிக்கிற இடம் கிடைக்காது. அதனால கையால போங்க. டார்க், ஃபிளாட் போட்டு கேலிபிரேட் பண்ணி, டிபேயர் பண்ணுங்க (ரா ஃபைலை நிறப் படமாக்குறது). அந்த வரிசை மேல பின்னணி நீக்கம், டிகிரி 1 மட்டும். டிகிரி 2, 3 போட்டா எம்31ஓட வெளிச்சத்தையே வானம்னு நினைச்சு வழிச்சுடும். பின்னணி எத்தனை மடங்குன்னு அளக்கிறதை இந்தப் படிக்கு முன்னாடியே முடிச்சுக்குங்க, அப்புறம் எல்லாம் சமமாயிடும்.

அடுத்து ரெஜிஸ்ட்ரேஷன் (நட்சத்திரங்களை ஒண்ணு மேல ஒண்ணா பொருத்துறது), பிறகு வரைபடம் காட்டுற Plot பக்கம். இங்க ஒரு பொறி இருக்கு. பலர் எஃப்டபிள்யூஎச்எம் (நட்சத்திரத்தோட அகலம்) மட்டும் பார்த்துக் கழிப்பாங்க. மேக ஃபிரேம்ல மங்கல் நட்சத்திரம் எல்லாம் மறைஞ்சு பெரிய நட்சத்திரம் மட்டும் மிஞ்சும், அதனால சராசரி அகலம் சில நேரம் நல்ல ஃபிரேமைவிட நல்லாவே தெரியும். எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கெடுக்கிற வெயிட்டட் எஃப்டபிள்யூஎச்எம்மை, இல்லேன்னா நேரடியா நட்சத்திர எண்ணிக்கையைப் பாருங்க. தெளிவான ஃபிரேம்கள் மேல ஒரு மேடா நிக்கும், மேகம் விழுந்ததெல்லாம் பள்ளத்துல கிடக்கும். பள்ளத்துக்குள்ள இறங்குற சரிவையும் சேர்த்துத் தூக்குங்க. மேகத்தோட விளிம்பு அங்கதான் இருக்கு.

ரெஃபரன்ஸ் ஃபிரேமா நீங்களே ஒரு சுத்தமான ஃபிரேமைத் தேர்ந்தெடுங்க. நார்மலைசேஷன் எல்லாத்தையும் அதுக்குத்தான் சமமாக்கும். ஸ்டாக்கிங்: ரிஜெக்‌ஷனோட சராசரி, வின்சரைஸ்டு சிக்மா, 3–3, நார்மலைசேஷன் "ஆடிட்டிவ் வித் ஸ்கேலிங்". மிச்சம் இருக்கிற சரிவுக்கு கிராஎக்ஸ்பெர்ட் (பின்னணி நீக்குற மென்பொருள்) ஒருமுறை. அப்புறம்தான் கலர் கேலிபிரேஷன், ஸ்ட்ரெட்ச்.

டிஸ்க் இடம் பார்த்துக்குங்க. 24 மெகாபிக்சல், டிபேயர் பண்ணினா 16 பிட்ல ஒரு ஃபிரேம் 144 எம்பி, 32 பிட்ல 288. முந்நூறு ஃபிரேம், கேலிபிரேட், பின்னணி நீக்கம், ரெஜிஸ்ட்ரேஷன்னு மூணு கட்டம்: 16 பிட்லயே 130 ஜிபி. 16 பிட் வச்சு, ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் முந்தினதை அழிச்சுக்கிட்டே வாங்க. இல்லேன்னா முதல்லயே கழிச்சுட்டு மிஞ்சினதை மட்டும் ஓட்டுங்க.

#14 புதுசுதான்

சிரில் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி எம்45 வரிசையை மட்டும் போட்டேன். நட்சத்திர எண்ணிக்கை வரைபடத்துல மேடு சுமார் 400ல நிக்குது, பள்ளம் 90 வரைக்கும் போகுது. 380க்குக் கீழ எல்லாம் தூக்கினா 70 ஃபிரேம்தான் மிஞ்சுது. அதுவும் 4 செகண்ட் கணக்குல 5 நிமிஷம் கூட இல்லை. அளவை 300க்கு இறக்கலாமா?

#15 சிரில்_பைத்தியம்

எண்ணிக்கையை வச்சு இறக்காதீங்க, 400ல 300ன்னா 75 சதவீத வெளிச்சம்னு அர்த்தம் இல்லை. எண்ணிக்கை வெளிச்சத்தைவிட வேகமாவும் விழலாம், மெதுவாவும் விழலாம். அந்த இடத்துல மங்கல் நட்சத்திரம் எத்தனை இருக்குங்கிறதைப் பொறுத்தது. 300 பக்கத்துல இருக்கிற அஞ்சாறு ஃபிரேமுக்குப் பிஎஸ்எஃப் மேக்னிட்யூட் பாருங்க. 0.3க்குள்ள இறக்கம், பின்னணி 1.4 மடங்குக்குள்ளன்னா இறக்கிக்கலாம். அதுக்கு மேலன்னா 70லயே நில்லுங்க.

70ஐ அழிச்சுடாதீங்க. கேலிபிரேட் பண்ணின ஃபிரேம்களை அப்படியே வச்சுட்டு, அடுத்த இடைவெளியில கிடைக்கிறதையும் சேர்த்து ஒரே வரிசையா ரெஜிஸ்டர் பண்ணலாம். அதே லென்ஸ், அதே எஃப் எண், ஐஎஸ்ஓ இருந்தா போதும். டார்க் மட்டும் அந்தந்த ராத்திரி வெப்பநிலைக்குப் பொருந்தினதா, ஃபிளாட் அந்தந்த ராத்திரிக்கு உரியதா இருக்கணும்.

#16 பனித்துளி

சேர்த்து வைப்பது என்றால் ஒன்று: இந்த இரண்டு மாதம் லென்ஸைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நூறு இருநூறு கிராம் நிறம் மாறும் சிலிகா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம். சமையலுக்குப் புழங்காத வாணலியாக இருக்கட்டும்.